நம் கார் ஏன் இடப்பக்கம் போனது

அன்பு மகள் நஸ்ரினுக்கு அம்மா எழுதுவது.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் எதையாவது விளக்க ஆரம்பித்தால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று அவசரப்படுவாய். கடிதம் என்றால் பாதியில் மடித்து வைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்தாவது மீதியைப் படிப்பாய். போன மாதம் நீ போனில் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். பால் கம்பெனியில் வேலை உறுதியாகிவிட்டது, இரண்டு வேலைகளில் எது வேண்டும் என்று உன்னையே கேட்டிருக்கிறார்கள் என்றாய். ஒன்று, ஊர் ஊராகப் போய் மாடுகளைப் பார்க்கும் டாக்டர் வேலை. ஜீப் கொடுப்பார்கள், நீயே ஓட்டிக்கொண்டு போக வேண்டும். இன்னொன்று, கம்பெனிக்குள்ளேயே பால் பரிசோதனைக் கூடத்தில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. பரிசோதனைக் கூடம் என்று எழுதப்போவதாகச் சொன்னாய். கால்நடைக் கல்லூரியில் படித்த வருடங்களில் லீவுக்கு வரும்போதெல்லாம் சாப்பாட்டு நேரத்தில்கூட மாட்டு வயிற்றைப் பற்றியே பேசி மாமியை எழுந்து போகவைத்த பெண், கண்ணாடிக் குழாய் போதும் என்கிறாளே என்று எனக்கு வியப்பாக இருந்தது. ஏன் என்று கேட்டேன். "எனக்கு வண்டிய நேரா ஓட்ட வராதும்மா. ஆமத்தூர்ல நீயும்தானே பாத்த?" என்றாய். இந்த மாத முடிவுக்குள் பதில் அனுப்ப வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டாய்.

நான் என்ன பார்த்தேன் என்று அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன். பெருநாள் முடிந்து சிவகாசியில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். லைசென்ஸ் வாங்கிய பிறகு நீ நம் காரை ரோட்டில் ஓட்டிய முதல் நாள் அது. அத்தா உன் பக்கத்தில். பின்னால் நானும், மடியில் தால்சாக் குழம்புத் தூக்குச்சட்டியை வைத்துக்கொண்டு மாமியும். ஆமத்தூரைத் தாண்டிய நேர் ரோட்டில் எதிரே ஒரு லாரி வந்து போனது. நீ கண்ணாடியில் பின்னால் பார்த்தாய். அதற்குள் இடப்பக்கச் சக்கரங்கள் தாரை விட்டு இறங்கி, சரளையில் கிரீச்சிட்டு, கார் கருவேலஞ் செடிகளுக்குள் மூக்கை நுழைத்து நின்றுவிட்டது. யாருக்கும் அடியில்லை. தால்சா மட்டும் மாமியின் சேலையிலும் சீட்டிலும். அத்தா உன்னைத் திட்டவில்லை. "இறங்கு" என்றார், அவ்வளவுதான். நீ இறங்கி, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சிவகாசி வரும்வரை உன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாய். அதன் பிறகு நீ அந்தச் சாவியைத் தொடவில்லை.

அன்று மாமி சொன்னதை நீ மறந்திருக்க மாட்டாய். அத்தாவுக்கு அக்கா என்பதால் அவரிடம்கூடப் பயமில்லாமல் பேசுகிறவர் அல்லவா? "சோறு திங்கிற கைய ஒருவழியா மாத்திட்டோம். ஸ்டேரிங் பிடிக்கிற கைய யாரு மாத்துறது? நொட்டாங்கைக்காரி வண்டி நொட்டாங்கைப் பக்கந்தேன் போகும்" என்றார். அத்தாவும் சிரித்துவிட்டார். பிறகு அது நம் வீட்டில் நிலையான கருத்தாகிவிட்டது. யார் வந்து விசாரித்தாலும், "அவளுக்கு இடது கைப் பழக்கம்ல, அதான்" என்பார்கள். வந்தவர்களும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள். ஒருவர்கூட "அப்படியா, எப்படி?" என்று கேட்கவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

மாமி சொன்னதை நான் வெறும் கேலியாக ஒதுக்கவில்லை. உன் அம்மா பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவள், அந்தப் படிப்புக்கு இந்த வீட்டில் மிக்சி ஃபியூஸ் போடுவதைத் தவிர வேறு உபயோகம் வந்ததில்லை. யோசித்துப் பார்த்தால் மாமி சொல்வதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. இடது கையில் பலம் அதிகமுள்ள ஒருத்தி ஸ்டீயரிங்கைப் பிடித்தால், அந்தக் கையின் பாரம் அந்தப் பக்கத்தைக் கீழே இழுக்கும். இழுத்தால் கார் இடப்பக்கம் திரும்பும். நடக்கக்கூடிய விஷயம்தானே? ஆனால் நீ ஒருமுறை சொன்னதும் நினைவுக்கு வந்தது. மாட்டுக்குச் சினை பார்க்கும்போது இடது கையை உள்ளே விட்டுப் பார்க்க உன் கூட்டாளிகளெல்லாம் சிரமப்பட்டுப் பழகினார்கள், உனக்குப் பழகவே வேண்டியிருக்கவில்லை என்றாய். "இந்தக் கையால எனக்குக் கெடச்ச மொத லாபம் இதும்மா" என்று சிரித்தாய். கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் கன்று இருக்கிறதா இல்லையா என்று விரல் நுனியில் தெரிந்துகொள்கிற கை, கண்ணெதிரே நேராகக் கிடக்கிற ரோட்டில் மட்டும் எப்படித் தடுமாறும்? இதற்கு விடை தெரிந்தாக வேண்டும் என்று தோன்றிவிட்டது. நீ பதில் எழுதுவதற்குள் தெரிய வேண்டும்.

முதலில் டயரைச் சந்தேகப்பட்டேன். ஒரு பக்கம் காற்று குறைவாக இருந்தால் அந்தச் சக்கரம் கொஞ்சம் அமுங்கி உருளும், கார் அந்தப் பக்கம் சாயும். பெட்ரோல் போடும்போது அத்தாவிடம் நாலு டயரையும் பார்க்கச் சொன்னேன். "திடீர்னு என்ன டயர் மேல பாசம்?" என்றார். காற்று எல்லாவற்றிலும் சமமாகத்தான் இருந்தது. அடுத்ததாக ரோட்டைச் சந்தேகப்பட்டேன். மழைத்தண்ணீர் வழிந்தோட வேண்டும் என்று ரோட்டை நடுவில் மேடாகவும் இரு ஓரங்களில் சரிவாகவும் போடுகிறார்கள். நாம் இடப்பக்கமாகவே ஓட்டுகிறோம். அப்படியென்றால் நம் ஊரில் ஓடுகிற எந்தக் காரும் கொஞ்சம் இடப்பக்கம் இறங்கத்தானே பார்க்கும்? மல்லாங்கிணறு போகிற வழியில் வண்டி நடமாட்டமே இல்லாத ஒரு காலையில் அத்தாவை ரோட்டின் நடு மேட்டில் ஓட்டச் சொன்னேன். "நேராப் போகுதா?" என்று கேட்டேன். "நேராத்தேன் போகுது. இந்த வண்டிக்கு என்ன குறை? ஓட்டுறவக ஓட்டுனா எல்லாம் நேராப் போகும்" என்றார்.

அப்போதுதான் அவர் கையைக் கவனித்தேன். எத்தனை வருடமாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன், ஜன்னலுக்கு வெளியே பார்த்திருக்கிறேனே தவிர அவர் கையைப் பார்த்ததில்லை. வலது கை ஸ்டீயரிங்கின் வலப்பக்கத்தைப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பதைவிடத் தொங்கிக்கொண்டிருந்தது என்று சொல்லலாம். கிணற்றுக் கயிற்றைப் பிடித்திருப்பதுபோல மணிக்கட்டில் நரம்பு புடைத்திருந்தது. "ஏன் இப்படி இழுத்துப் பிடிச்சிருக்கீங்க?" என்றேன். "நான் எங்க இழுக்கிறேன்? சும்மா கைய வச்சிருக்கேன்" என்றார். பொய் சொல்லவில்லை, நஸ்ரின். சும்மா வைத்திருப்பதாகத்தான் அவருக்கு உண்மையிலேயே தெரிந்தது. எனக்கோ ஒரு சிக்கல். அந்தக் கை இழுப்பதால் கார் நேராகப் போகிறதா, அல்லது அந்தக் கை இல்லாவிட்டாலும் நேராகத்தான் போகுமா? ஸ்டீயரிங்கில் யாருடைய கையும் இல்லாமல் கார் ஓடுவதைப் பார்த்தால்தான் சொல்ல முடியும். ரோட்டில் அதை எப்படிப் பார்ப்பது? அவரைக் கையை எடுக்கச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அந்த வாய்ப்பு ஒரு பட்டாசுக் கம்பெனியில் கிடைத்தது. வெடிகளுக்குச் சுற்றுகிற சணல் நூல் பண்டல்களை அத்தா காரில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கிற கம்பெனிகளில் ஒன்று. சிவகாசியில் எனக்கும் ஒரு வேலை இருந்ததால் அன்று கூடப் போயிருந்தேன். அந்தக் கம்பெனியில் ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. கேட்டுக்கு உள்ளே எந்த இன்ஜினும் ஓடக்கூடாது. வாசலிலேயே அணைத்துவிட வேண்டும். சாவியைத் திருகி ஸ்டீயரிங் பூட்டை மட்டும் விடுவித்துவிட்டு டிரைவர் இறங்கிவிடுவார். லோடு இறக்குகிற ஆட்கள் இரண்டு பேர் பின்னால் நின்று குடோன் வரைக்கும் தள்ளிக்கொண்டு போவார்கள். வாட்ச்மேன் ஜன்னல் வழியாக ஒரு கையை விட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கூடவே நடப்பார். அன்று தள்ளியவர்கள் மாடசாமி என்று நடுவயதுக்காரர் ஒருவரும், வேலு என்று ஓர் இளவட்டமும். பாதி வழியில் யாரோ கேட்டைத் தட்டினார்கள் என்று வாட்ச்மேன் கையை எடுத்துவிட்டு ஓடினார். கார் மெல்ல இடப்பக்கம் ஒதுங்கி, சிவப்பு மணல் வாளிகள் தொங்குகிற கம்பியை இடிக்கப் போய்விட்டது. இருவரும் இழுத்துப் பிடித்து நிறுத்தினார்கள். உடனே சண்டை.

"ஏலே வேலு, வலப்பக்கம் நின்னுக்கிட்டு நீ முக்குற முக்குலதேன் வண்டி இங்கன சாயுது. பைய தள்ளுலே."

"நான் முக்குறனா? நீரு தள்ளவே இல்ல. மாப்பிள்ள ஊர்வலத்துக்கு வந்தவரு மாதிரி கைய வச்சுக்கிட்டுக் கூட நடந்து வாரீரு."

"அப்படியா? நீ இங்கன வா, நான் அங்கன போறேன். அப்பத் தெரியும் எவன் தள்ளுறான்னு."

இடம் மாறினார்கள். காரைப் பின்னுக்கு இழுத்து நேராக்கிவிட்டு மறுபடி தள்ளினார்கள். வாட்ச்மேன் இன்னும் வரவில்லை. கார் மறுபடியும் அதே வாளிகளைப் பார்த்தே போனது. "இப்ப அங்கன நீருதேன் நிக்கீரு. பலசாலிதேன், போங்க!" என்றான் வேலு. ஷெட் வாசலில் காகிதக் குழாய் அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. ஆள் மாறினாலும் கார் மாறவில்லை. அதைவிட, காருக்குள் யாருமே இல்லை! நீ இல்லை, உன் இடது கை இல்லை. இருந்தும் அது இடப்பக்கம்தான் போகிறது.

அவசரப்பட்டு முடிவு செய்யக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தரையே அந்தப் பக்கம் சரிவாக இருக்கலாம் அல்லவா? அப்படியிருந்தால், காரைத் திருப்பிக் கேட்டைப் பார்த்துத் தள்ளும்போதும் அது அதே வாளிகள் பக்கம்தான் போக வேண்டும். இப்போது அது காருக்கு வலப்பக்கம். பண்டல்களை இறக்கி முடித்ததும் மாடசாமியிடம் போய், யாரும் ஸ்டீயரிங்கைப் பிடிக்காமல் காரைக் கேட் வரைக்கும் தள்ள முடியுமா என்று கேட்டேன். அவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டே, "சீசன் நேரத்துல வண்டிய வச்சு வெளாடச் சொல்றீக பாயம்மா. சரி, நீங்க பெருநாளைக்குத் தர வேண்டிய பிரியாணிக் கணக்குல இதுவும் சேந்துரும்" என்றார். அத்தாவுக்குக் கோபம். "சரக்கு இறக்க வந்த எடத்துல என்ன பரீட்ச நடத்துற?" என்றார். "பரீட்சதான். யாரு பாஸ்னு பாக்கப்போறேன்" என்றேன். தள்ளினார்கள். கார் வாளிகளை விட்டு விலகி எதிர்ச் சுவர்ப் பக்கம் ஒதுங்கியது. தனக்கு இடப்பக்கம் எதுவோ அந்தப் பக்கம். தரை இல்லை, தள்ளுகிறவர்கள் இல்லை, ஓட்டுகிறவர் இல்லை. காரேதான். எனக்குக் கல்லூரி லேபில் முதன்முறையாக ஊசல் கணக்கு சரியாக வந்த நாள்போல இருந்தது. அத்தா மட்டும், "தள்ளும்போது அப்படித்தேன் போகும். ஓட்டும்போது நேராப் போகுதுல்ல?" என்றபடி கதவைச் சாத்தினார்.

காரில் எது கோணல் என்று தெரிய வேண்டுமே. வீட்டுக்கு வந்ததும், மிச்சமிருந்த சணல் நூலில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கிவிட்டேன். முன்சக்கரங்களை நேராக நிறுத்தி, வலப்பக்கம் முன்சக்கரத்தின் நடுவிலிருந்து பின்சக்கரத்தின் நடுவரைக்கும் நூலைப் பிடித்து முடிச்சுப் போட்டேன். அதே நூலை இடப்பக்கம் கொண்டுபோய்ப் பிடிக்க அத்தாவைக் கூப்பிட்டேன். "காருக்குச் சட்ட தைக்கப் போறியாக்கும்? கழுத்துக்கும் சேத்து அளவெடு" என்று உள்ளேயிருந்து மாமி குரல் கொடுத்தார். இடப்பக்கத்தில் நூல் மிஞ்சியது. ஒரு விரல் அகலம். ஆளை மாற்றிப் பிடித்தோம், நூலைத் திருப்பிப் பிடித்தோம், மாமியையே கூப்பிட்டும் பிடிக்கச் சொன்னேன். அவர் பிடித்தபோதும் அதே ஒரு விரல் மிஞ்சியது. நம் காரின் இடது முன்சக்கரம், வலது முன்சக்கரத்தைவிட ஒரு விரல் அளவு பின்னால் தள்ளி உட்கார்ந்திருந்தது.

அதனால் என்ன ஆகும் என்று பிறகு ஒர்க்ஷாப்பில் கேட்டுப் புரிந்துகொண்டேன். சைக்கிளில் கையை விட்டு ஓட்டும்போது முன்சக்கரம் தானாகவே நேராகிக்கொள்கிறதே, அதற்கு அந்தச் சக்கரம் பொருந்தியிருக்கும் சாய்வும் ஒரு காரணம். காரின் இரண்டு முன்சக்கரங்களிலும் அந்தச் சாய்வு உண்டு. ஆனால் கார்ச் சக்கரம் ஒவ்வொன்றும் வண்டியை உள்பக்கமாகத் தள்ளப் பார்க்கும். வலது சக்கரம் இடப்பக்கமாகத் தள்ளும், இடது சக்கரம் வலப்பக்கமாகத் தள்ளும். இரண்டும் சமமாக இருக்கும்வரை ஒன்றுக்கொன்று ஈடாகி, கார் நேராகப் போகும். ஒரு சக்கரம் பின்னால் தள்ளப்பட்டால் அதன் சாய்வு குறையும், தள்ளுகிற பலமும் குறையும். அப்போது நன்றாக இருக்கிற சக்கரம்தான் காரைக் கோணலாக்குகிறது! இதைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை உன்னிடம்தான் சொல்ல முடியும். அத்தாவிடம் சொன்னால் "சரி, சாப்பிடுவோமா?" என்பார்.

சக்கரம் எப்படிப் பின்னால் போனது? அதையும் யோசித்து எடுத்தோம். நீ லைசென்ஸ் வாங்குவதற்கு முன், ஹாஸ்டலில் இருந்தபோது, ஆனைக்குட்டத்துப் பக்கம் ஒரு வேலையாகப் போய்விட்டு நானும் அத்தாவும் திரும்பிக்கொண்டிருந்தோம். நல்ல மழை. ஒரு சின்னப் பாலத்தின் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கடியில் பள்ளம் இருந்தது தெரியவில்லை. இடப்பக்கச் சக்கரம் இறங்கி, எதிர்க்கல்லில் மோதி, டயர் வெடித்தது. அத்தா மழையில் நனைந்தபடி ஸ்டெப்னி மாற்றினார். நான் குடை பிடித்தேன், ஆனாலும் நனைந்தோம். மறுநாள் புது டயர் போட்டார். "டயரு போச்சு, டயரு மாத்தியாச்சு" என்று அத்தோடு மறந்துவிட்டோம். டயருக்குப் பின்னால் இரும்பும் இருக்கிறது, அதற்கும் அடி பட்டிருக்கும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. வண்டி அதன் பிறகும் ஓடியது, அதனால் நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டோம்.

ஒர்க்ஷாப்பில் காரைத் தூக்கிப் பார்த்தபோது, சக்கரத்தைத் தாங்குகிற கீழ்ப்பக்க இரும்புக் கை ஒன்று பின்பக்கமாக வளைந்திருந்தது வெறும் கண்ணுக்கே தெரிந்தது. அதை மாற்றி, சக்கரங்களை நேர் பார்த்துக் கொடுத்தார்கள். "எப்படிப் பாய் கண்டுபிடிச்சீக? சாதாரணமா டயர மாத்தி மாத்திப் பாத்துட்டுக் கடைசியிலதேன் இங்க வருவாக" என்று மெக்கானிக் கேட்டார். "வீட்ல நூலு வச்சு அளந்தாக" என்றார் அத்தா. என்னை அவர் மரியாதையாகச் சொல்லி நான் கேட்டது அபூர்வம். ஆனால் அடுத்த நிமிடமே, "எனக்குத் தெரியாம அம்புட்டு நாளா ஒரு குறை இருந்துருக்குமா? நான் தினம் ஓட்டுறேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே காரை எடுத்தார். நஸ்ரின், எனக்கும் அதே கேள்விதான் மிச்சமிருந்தது. ஒரு விரல் கோணலாக ஓடிய காரைத் தினமும் ஓட்டியவருக்கு அது எப்படித் தெரியாமல் போனது?

விடை மறுநாள் காலையிலேயே கிடைத்தது. சரிசெய்த காரில் இருவரும் சிவகாசிக்குக் கிளம்பினோம். பைபாஸ் தாண்டி வேகம் பிடித்ததும் கார் மெல்ல வலப்பக்கம் ஏறியது. எதிரே வந்த லாரி நீளமாக ஹாரன் அடித்தது. அத்தா திடுக்கிட்டு இடப்பக்கம் வெட்டினார். கொஞ்ச தூரத்தில் மறுபடியும் கார் நடு ரோட்டுக்கு ஏறியது. "கெடுத்துட்டான். நல்லா இருந்த வண்டியக் கெடுத்துட்டான். இப்ப இந்தப் பக்கம் இழுக்குது!" என்று கத்தினார். நான் அவர் கையைப் பார்த்தேன். மணிக்கட்டில் அதே நரம்பு. முன்பு வராத துணிச்சல் அப்போது வந்தது. முன்னும் பின்னும் ரோடு காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "வேகத்தக் குறைங்க. குறைச்சிட்டு ஒரு நொடி கைய லேசா விடுங்க" என்றேன்.

"என்னது?"

"ஒரு நொடிதான். ஸ்டீயரிங்க விடுங்க."

"கூறு கெட்டுப்போச்சா உனக்கு?"

"விட்டுத்தான் பாருங்களேன்."

விட்டார். விரல்கள் ஸ்டீயரிங்கைத் தொட்டும் தொடாமலும் இருந்தன. கார் கோடு போட்டதுபோல நேராகப் போனது. கையை மறுபடி வைத்தார், அது வலப்பக்கம் ஏறியது. எடுத்தார், நேராகப் போனது. அத்தா காரை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுத் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தார். எதிர்ப்பக்கம் ஒரு பஸ் நின்று ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. பிறகு கேட்டார்.

"அன்னிக்கு அவ எவ்வளவு இழுத்துப் பிடிச்சிருக்கணும்?"

"நீங்க இழுக்குற அளவு."

"நான் இழுக்குறதே எனக்குத் தெரியாதே."

"அதான் அவளுக்கு நீங்க சொல்லல."

இதற்காக, ஆமத்தூரில் உன் பக்கம் எதுவுமே இல்லை என்று எழுத மாட்டேன். நீ கண்ணாடியில் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாய், அதை நான் பின்னாலிருந்து பார்த்தேன். புதிதாக ஓட்டுகிற எல்லோரும் அப்படிப் பார்ப்பார்கள். நேராகப் போகிற கார் அவ்வளவு நேரத்துக்கு நம்மை மன்னிக்கும், நம் கார் மன்னிக்கவில்லை. ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிக்காதே, மெதுவாகப் பிடி என்று டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், நீயும் அப்படியே பிடித்திருந்தாய். சரியாகப் பிடித்ததால்தான் அது உன் கையை விட்டுப் போனது. ஸ்கூல் காரை நீ நேராக ஓட்டியபோது, "அது மாஸ்டர் பிடிச்சிருப்பாரு" என்று நீயே உன்னைக் குறைத்துக்கொண்டாய். அவர் பிடிக்கவில்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன். உன் இடது கையைப் பற்றி மட்டும் என்னிடம் முடிவு எதுவும் இல்லை. அதைச் சோதித்துப் பார்க்க இந்த வீட்டில் இருக்கிற ஒரே இடது கை உன்னிடம்தானே இருக்கிறது? மாமிக்கும் தன் கருத்தை விட மனமில்லை. "கார் கோணன்னு சொல்லிட்டீக, சரி. அவ நொட்டாங்கைங்கிறது பொய்யா?" என்கிறார்.

போன புதன்கிழமை அத்தா உன்னைக் கூப்பிட்டு, "சாப்ட்டியா?" என்று கேட்டாரே. "மணி பதினொண்ணுதான் அத்தா ஆகுது" என்று நீ சொன்னதும், "சரி சரி, நேரத்துக்குச் சாப்பிடு" என்று வைத்துவிட்டாரே. அத்தாவுக்கு உடம்பு சரியில்லையா என்று பதறிப்போய் நீ அன்று மாலை என்னிடம் கேட்டாய். ஒன்றுமில்லை என்றேன். அந்தப் போன், காரை ஓரங்கட்டி நிறுத்திய இடத்திலிருந்து வந்தது. "வேலைக்கு எழுதிட்டாளா?" என்று என்னிடம் கேட்டார். இன்னும் இல்லை என்றேன். என் கையிலிருந்த போனை வாங்கி உன் நம்பரை அவரே அழுத்தினார். உன் குரல் கேட்டதும் அவருக்கு வந்தது அந்த ஒரு கேள்விதான். அவர் சொல்ல நினைத்ததை நான் உனக்கு எழுதுகிறேன் என்று அவருக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்லவில்லை.

உனக்குப் பரிசோதனைக் கூடம் பிடித்திருந்தால் அதையே எழுது. ஊர் ஊராக வெயிலில் அலைய வேண்டாம் என்று தோன்றினால் அதுவும் நல்ல காரணம்தான், எனக்கு வருத்தமில்லை. வண்டியை நேராக ஓட்ட வராது என்பதை மட்டும் காரணமாக வைத்துக்கொள்ளாதே. பதில் எழுதும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டுப் போ. இன்று காலை அத்தா காரின் இடப்பக்க சீட்டைத் தன் கால் நீளத்துக்குப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். அது முடிந்ததும் ஓட்டுகிற சீட்டில் கையை வைத்தபடி, "இத எம்புட்டு முன்னால தள்ளுனா அவளுக்கு எட்டும்?" என்று என்னைக் கேட்டார்.

அம்மா